கை உழைக்க மனம் ஆறும்

கூடாரம் கட்டிக்கொண்டு மலைக்குப் போவோரும், தொடர்மாடியில் சாடி வைத்துச் செடி வளர்ப்போரும் தேடுவது ஒரே அமைதியைத்தான். அது எங்கிருந்து வருகிறது?

ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி எழுந்த தொடர்மாடிகள், பகல் முழுதும் வாங்கிய வெயிலை இரவில் அறைகளுக்குள் விடுகின்றன. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போய்வரும் லொறிகளின் புகையும் இரைச்சலும் ஒடுங்கிய வீதிகளிலேயே தங்கிவிடுகின்றன. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்ததும் கையில் காசுள்ளவர்கள் நுவரெலியாவுக்குப் போவது பழைய வழக்கம். இளையவர்கள் இப்போது கூடாரத்தையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு நக்கிள்ஸ் மலைத்தொடர், மடுல்சீமை, பெலிஹுல்ஓயா என்று கிளம்புகிறார்கள். போக முடியாதவர்கள் பல்கனியில் நாலு சாடி வைத்து மிளகாயும் பசளியும் வளர்க்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இரு சாராரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மனதுக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும்.

அந்த அமைதி உண்மையில் கிடைக்கிறதா, கிடைத்தால் எதனால் கிடைக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. பசுமையைப் பார்த்தால் போதும், குளிர்ந்த காற்றுப் பட்டால் போதும், நகரத்தை விட்டுத் தொலைவில் போனால் போதும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மலைக்குப் போய்வந்து முன்னிலும் களைத்துத் திரும்புகிறவர்கள் உண்டு. மூன்றாம் மாடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பார்த்துப் பார்த்து வளர்த்தே ஆறுதல் அடைகிறவர்களும் உண்டு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் விடை கிடைக்கும். திறந்த வெளியில், நம் கையால், நாமே வகுத்த வேகத்தில் செய்யும் சிறு வேலைதான் மனதை ஆற்றுகிறது. மரமும் மலையும் அதற்குத் துணை நிற்கின்றன. அந்த வேலை இல்லாவிட்டால் ஹோர்ட்டன் சமவெளியின் 'உலக முடிவு' விளிம்பில் நின்றாலும் கிடைப்பது கொஞ்ச நேரக் கிளர்ச்சி மட்டுமே.

ஆய்வுகள் காட்டுவது

பார்ப்பதே போதும் என்போர் கையில் வலுவான சான்று ஒன்று உண்டு. 1984இல் ஆய்வாளர் ரொஜர் உல்ரிச் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். யன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேரும், செங்கற்சுவர் மட்டும் தெரிந்த 23 பேரும் அதில் அடங்குவர். மரம் கண்டவர்கள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தரவுகளும் இதே திசையைக் காட்டின. வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள், தாங்கள் உடலாலும் மனதாலும் நலமாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அந்த நேரம் ஒரே முறையில் சேர்ந்ததா, பல முறை பிரிந்து சேர்ந்ததா என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை.

இந்தச் சான்றுகளை மறுக்கத் தேவையில்லை. அவற்றின் எல்லையை அறிந்தால் போதும். படுக்கையில் கிடக்கும் நோயாளியால் பார்க்க மட்டுமே முடியும். அவருக்கு அதுவே பெரும் உதவி. இங்கிலாந்து ஆய்வோ, வெளியே போவதால் நலம் வருகிறதா, நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களா என்பதைத் தீர்த்துச் சொல்லவில்லை. அந்தச் சிக்கலைக் கடக்க உதவும் சோதனை ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. அக்னெஸ் வான் டென் பெர்க் என்னும் ஆய்வாளர் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து 2011இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். தோட்டத் துண்டு வைத்திருக்கும் 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் பணி ஒன்று கொடுக்கப்பட்டது. பின்னர் சிலர் அரை மணி நேரம் தங்கள் தோட்டத்தில் வேலை செய்தார்கள். மற்றவர்கள் உள்ளே அமர்ந்து வாசித்தார்கள். அழுத்தத்தின் அடையாளமான கோர்டிசோல் இரு குழுவினருக்கும் குறைந்தது; தோட்டத்தில் நின்றவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மனநிலையில் வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. தோட்டத்துக்குப் போனவர்கள் முழுதாகத் தேறினார்கள். வாசித்தவர்களின் மனநிலை அந்த அரை மணி நேரத்தில் மேலும் சோர்ந்தது.

ஓய்வு எடுத்தவர்கள் யார், வேலை செய்தவர்கள் யார் என்று பாருங்கள். கதிரையில் சாய்ந்தவர்களைவிடக் குனிந்து களை பிடுங்கியவர்களே விரைவில் ஆறினார்கள். இது சிறிய சோதனைதான். வெளிக்காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அதில் பங்கு இருக்கும். ஆனால் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. சும்மா இருக்கும் மனம் பட்ட அவமானத்தையும் கட்டவேண்டிய வாடகையையும் மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கும். கை ஒரு கன்றைச் சாடி மாற்றும்போது கண் வேரைக் கவனிக்கவேண்டும், விரல் மண்ணின் ஈரத்தை அறியவேண்டும். இந்த அளவான கவனம் மனதைப் பிடித்து வைக்கிறது, களைக்கச் செய்வதில்லை. செய்த வேலையின் பயனும் கண்ணெதிரே தெரிகிறது. கணினித் திரையில் நாள் முழுதும் செய்யும் வேலைக்கு இந்தக் குணம் அரிது.

கூடாரத்துக்கும் இப்படி ஒரு சான்று உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் தலைமையிலான குழு 2013இல் எட்டுப் பேரை ஒரு வாரம் மலையில் தங்கவைத்தது. டோர்ச் இல்லை, தொலைபேசி இல்லை. பகலில் சூரியன், இரவில் விறகுத் தீ. வார முடிவில் அவர்களின் உடற்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்து, சூரியனின் எழுச்சிக்கும் மறைவுக்கும் இசைந்து நின்றது. ஒரு வார இறுதி தங்கினாலே அந்த மாற்றத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்று 2017இல் அதே குழு காட்டியது. நிலநடுக்கோட்டுக்கு அருகே கொழும்பில் வாழும் நமக்கு ஆண்டு முழுதும் பகலின் நீளம் ஒரு மணி நேரம்கூட மாறுவதில்லை. உடலுக்கு இது மிக ஒழுங்கான நேரசூசி. வீட்டு மின்விளக்குகளும் கைத்தொலைபேசியின் வெளிச்சமும் அதைக் குழப்பிவிடுகின்றன. பல்கனிச் சாடியால் இதைச் சீர்செய்ய முடியாது, கூடாரத்தால் முடியும். ஆனால் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் மதுப்போத்தலுமாக மலையேறி விடியும்வரை விழித்திருப்பவர்கள், காலி வீதியையே மலைக்குக் கொண்டுபோகிறார்கள்.

நம்மிடம் இருந்த வழிகள்

இது மேல்நாட்டு ஆய்வுகூடங்கள் புதிதாகக் கண்டுபிடித்த செய்தியன்று. கூடாரம் என்ற பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே இந்த நாட்டுத் தமிழர் காட்டில் தங்கி நடந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கும் கதிர்காமப் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று கிழக்குக் கரையோரமாக இறங்குகிறது. ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட நடை அது. உகந்தை மலை முருகன் கோயிலைத் தாண்டியதும் குமண, யால காடுகள். அடியவர்கள் அரிசியையும் பாத்திரத்தையும் தலையில் சுமந்து, ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி, மரத்தடியில் படுத்து, கும்புக்கன் ஓயாவைக் கடந்து கதிர்காமம் சேர்கிறார்கள். அவர்கள் அதைப் பக்தி என்பார்கள். அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பக்தி எந்த வடிவில் நடக்கிறது என்பதைக் கவனிக்கலாம்: சுமத்தல், விறகு பொறுக்கல், தண்ணீர் எடுத்தல், பகிர்ந்து உண்ணல், பொழுது சாய்ந்ததும் படுத்தல். நாள் முழுதும் கையும் காலும் உழைக்கின்றன. திரும்பி வருகிறவர்கள் களைப்பைவிடத் தெளிவைப் பற்றியே பேசுகிறார்கள்.

கோயில் மரபில் இன்னொரு சான்று உண்டு. திருநாவுக்கரசர் கையில் இருப்பது உழவாரம். புல் செதுக்கும் கருவி. தேவாரம் பாடிய பெரியவர் தலந்தோறும் போய்க் கோயில் வீதியில் களை அகற்றினார். பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனம் வளர்த்தார். செடி பேணுவதையும் தரை துப்புரவாக்குவதையும் நம் சமயம் வழிபாட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்து வளவும் இதே பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. கிணறு, கிணற்றடி வாழை, வேலியில் கிளுவையும் பூவரசும், முற்றத்தில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றாடம் கை வைக்க வேலை இருந்தது. போரால் பெயர்ந்து வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வந்த முதியவர்கள் பலருக்கு நிலத்தோடு அந்த அன்றாட வேலையும் போயிற்று. உணவும் மருந்தும் தொலைக்காட்சியும் அவர்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்கின்றன. காலையில் எழுந்ததும் தங்களை எதிர்பார்த்திருக்கும் ஒன்று இல்லை.

கொழுந்து மலையும் செட்டிகுளமும்

இங்கே மிகக் கடினமான மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். திறந்த வெளியும் கைவேலையும் அமைதி தருமென்றால் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள்தான் இந்த நாட்டிலேயே அமைதியானவர்களாக இருக்கவேண்டும். குளிர் காற்று, பசுமை, நாள் முழுதும் கைக்கு வேலை என்று எல்லாமே அவர்களுக்கு உண்டு. கொழும்பிலிருந்து போகிறவர்கள் கூடாரம் அடித்து வியந்து படம் பிடிப்பது அவர்கள் கூடை சுமக்கும் அதே சரிவுகளைத்தான். ஆனால் அங்கே பறிப்பவளின் நாளை அளப்பது தராசு. இத்தனை கிலோ கொழுந்து என்ற கணக்கு முடியாவிட்டால் சம்பளம் குறையும். எப்போது தொடங்குவது, எந்த மலையில் நிற்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பிறர் முடிவு. நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கே அவர்கள் பல ஆண்டு போராடி 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் கொழும்பு வீடுகளிலும் வேலை தேடி அவர்களின் பிள்ளைகள் இறங்கி வருவதற்கு அந்தப் பசுமை எந்தத் தடையும் போடவில்லை.

கூடாரத்தின் கதையும் அப்படியே. 2009இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் முள்வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் போய், கூடாரத்தில் படுத்தால் மனம் ஆறும் என்று யாரும் சொல்லக்கூடாது. இந்த இரு வரலாறுகளும் என் வாதத்தை உடைப்பதில்லை. அதன் எல்லையைத் துல்லியமாக வரைகின்றன. வேலையின் வேகமும் பயனும் நம்முடையவையாக இருக்கவேண்டும். வேண்டாம் என்றால் எழுந்து போகும் உரிமை இருக்கவேண்டும். அவை இல்லாத இடத்தில் வெளியும் ஒரு சிறைதான்.

2022 இதை நமக்கு இன்னொரு முறை காட்டியது. நாடு வங்குரோத்தான அந்த ஆண்டு ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதம் விடுமுறை வழங்கப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. முந்திய ஆண்டு இரசாயன உரத்துக்கு விதித்த திடீர்த் தடையால் வயல்கள் அடி வாங்கியிருந்த வேளையில், பல்கனிக் கத்தரிக்காய் பசியைத் தீர்க்கும் என்ற எதிர்பார்ப்பு அநியாயமானது. பசிக்காகப் பயிரிடுபவருக்கு ஒரு பூச்சி இலையைத் தின்றாலும் அது பேரிழப்பு. அச்சம் கலந்த வேலை மனதை ஆற்றாது. வீட்டுத்தோட்டத்தைப் பொருளாதாரக் கொள்கைக்குப் பதிலாக நிறுத்த யார் முயன்றாலும் நாம் ஒப்பக்கூடாது.

மற்ற மறுப்புகள்

பெண்கள் கேட்கும் கேள்வி இன்னும் நெருக்கமானது. விடியலில் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, அலுவலகம் போய்வந்து மீண்டும் சமைப்பவருக்கு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இன்னொரு வேலைதானே? ஆம், அவர் தலையில் அதையும் கட்டினால் சுமைதான். விறகடுப்பில் பத்துப் பேருக்குச் சமைக்கும் பெண்ணுக்கு முகாமும் ஒரு குசினிதான். எனவே தோட்டம் வைக்கும் வீட்டில் முதலில் பங்கீடு மாறவேண்டும். அவர் செடியோடு நிற்க விரும்பும் அரை மணி நேரத்தில் அடுப்பை வேறொருவர் பார்க்கவேண்டும். மலைக்குப் போனால் ஆண்கள் சமைக்கவேண்டும். அவரவர் விரும்பி ஏற்காத வேலைக்கு அமைதி தரும் ஆற்றல் இல்லை.

சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லும் மறுப்பும் உண்மையானது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர் போதும், நுளம்பு முட்டையிட. முட்டை முதிர்ந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். ஆகவே தட்டே வைக்காமல் விடுவது நல்லது. வைத்தால் வாரத்தில் இரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவேண்டும், ஏனெனில் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கவனமாகத் தோட்டம் செய்பவர் நாளும் சாடியைப் பார்க்கிறவர் ஆதலால், கைவிடப்பட்ட டயரையும் அடைத்த பீலியையும்விட அவர் சாடி ஆபத்துக் குறைந்தது.

இடமில்லை, உப்புக்காற்று, மொட்டை வெயில் என்பவை தீர்க்கக்கூடிய சிக்கல்கள். மரைன் டிரைவ் பக்கம் மேற்கு நோக்கிய பல்கனியில் மெல்லிய இலைக்கீரைகள் கருகும்; கற்றாழை, கற்பூரவள்ளி, நித்தியகல்யாணி தாக்குப்பிடிக்கும். உப்புப் படிந்த இலைகளைக் காலையில் தண்ணீரால் கழுவிவிடலாம். நிழல் கூடிய கொட்டாஞ்சேனை முற்றத்துக்கு வல்லாரையும் றம்பையும் ஏற்றவை. தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்த மண் பாரம் குறைந்தது, ஈரத்தையும் பிடித்து வைக்கும். மாடிக்கு அதுவே பொருத்தம். மார்ச், ஏப்ரலில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் சாடியின் அடித்துளை அடைபடாமல் பார்த்தால் போதும். கங்குன் ஒரு மாதத்துக்குள் பறிக்க வரும். மிளகாய்க்கு மூன்று மாதப் பொறுமை வேண்டும். இரண்டையும் சேர்த்து வைப்பவருக்கு விரைவில் ஒரு பலனும், காத்திருக்க ஒரு காரணமும் கிடைக்கும்.

கடைசி மறுப்பு அரசியல் சார்ந்தது. வாடகை, வேலையின்மை, காணாமல் ஆக்கப்பட்ட உறவுகள், தீராத இனப்பிரச்சினை என்று துன்பத்துக்கு உண்மையான காரணங்கள் இருக்கும்போது, செடி வளருங்கள் என்பது மக்களை அடக்கி வைக்கும் உபதேசம் ஆகாதா? உபதேசமாகச் சொன்னால் ஆகும். ஆனால் இந்த நகரத்தில் தமிழர் வேரூன்றுவதே எளிதாக இருந்ததில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள்; மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. எந்நேரமும் அகற்றப்படலாம் என்று அஞ்சியவர்கள் மாங்கன்று நட மாட்டார்கள். காய்க்க ஆண்டுகள் எடுக்கும் ஒன்றை நடுவது, அதுவரை இங்கே இருப்பேன் என்று உரிமை கொள்வது. ஆறிய மனம் உரிமையை மறப்பதில்லை. நீண்ட காலம் போராடுவதற்கு அது வேண்டும்.

செய்யவேண்டியது

முதலாவது, மலைக்குப் போகும் முறையை மாற்றுவோம். யால, வில்பத்து, ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் முகாமிடங்களை ஒதுக்கியிருக்கிறது. முன்பதிவு செய்து அங்கேயே தங்கவேண்டும். யானை நடமாடும் காட்டோரத்தில் மனம்போன இடத்தில் கூடாரம் அடிப்பது வீரமன்று. நம் பொலித்தீனும் போத்தலும் நம்மோடு திரும்பவேண்டும். ஒலிபெருக்கியை வீட்டில் விட்டுவிட்டு, கூடாரம் அடிப்பது முதல் பாத்திரம் தேய்ப்பது வரை எல்லோரும் கை கொடுத்து, இருட்டியதும் திரையை அணைத்துப் படுத்தால் இரண்டு இரவும் போதும். எல்லாவற்றையும் ஆள் வைத்துச் செய்விக்கும் சொகுசு முகாமில் பணம் செலவாகும், தேடிப்போனது கிடைக்காது.

இரண்டாவது, நகரத்துக்குள் கைக்கு மண் கிடைக்கச் செய்வோம். 1921இல் நகரத் திட்டவியலாளர் பற்றிக் கெடிஸ் கொழும்பைத் தோட்ட நகரமாக்கத் திட்டம் வகுத்தார். 2018இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் அமைப்பு உலகில் முதலாவதாக ஏற்ற 18 ஈரநில நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. இந்தப் பெருமை பெத்தகான, தலவத்துகொட பூங்காக்களில் விளங்குகிறது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அவை தொலைவு. அங்கும் நடக்கலாம், பார்க்கலாம்; ஒரு கன்று நட இடமில்லை. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையிலும் வட கொழும்பில் வெறுமனே கிடக்கும் காணிகளிலும் குடியிருப்பாளருக்குச் சிறு துண்டுகளைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்க மாநகர சபையால் முடியும். புதிய தொடர்மாடிகளுக்கு அனுமதி வழங்கும்போது மொட்டை மாடியில் ஒரு பகுதி பொதுத் தோட்டமாகவேண்டும் என்று நிபந்தனை விதிக்கவும் முடியும். இருக்கும் தொடர்மாடிகளில் முகாமைத்துவக் குழுக்கள் நாளைக்கே இதைத் தொடங்கலாம். வளவை இழந்த முதியவர்களே அங்கே ஆசிரியர்கள்.

மூன்றாவது பொறுப்பு நம் நிறுவனங்களுடையது. பொன்னம்பலம் முதலியார் நிறுவி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் முதல் வெள்ளவத்தைச் சிறு ஆலயங்கள் வரை, நந்தவனமும் உழவாரப் பணியும் நம்முடைய சொந்த முறை. தேவாலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் பாடசாலைகளுக்கும் முற்றங்கள் உண்டு. வாரம் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் அவற்றைத் திறந்து, விரும்பியவர் கையில் மண்வெட்டியைக் கொடுக்கப் பெரும் நிதி வேண்டியதில்லை. பணம் கொடுத்துத் தொலைவில் வாங்கும் சரக்காக அமைதியை எண்ணும்வரை அது வசதியுள்ளவர்களின் சொத்தாகவே இருக்கும். அவரவர் விரும்பிச் செய்யும் கைவேலையில் அது விளைகிறது என்று ஏற்றுக்கொண்டால், ஒவ்வொரு தொடர்மாடிக்கும் ஒவ்வொரு வீதிக்கும் அதைக் கோர உரிமை உண்டு. இந்த வெயில் காலத்திலேயே அந்தக் கோரிக்கையைத் தொடங்குவோம்.